ஒலித்துண்டுத் தாளக்கட்டின் அமைப்பும் கலவையும்

1. தோற்றுவாய்

ஹிப்-ஹாப் என்னும் கலை அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகரில், பிராங்க்ஸ் பகுதியில், 1970-களில் தோன்றியது. அதன் உயிர்நிலையாக விளங்குவது ராப் எனப்படும் தாளந்தழுவிய சொற்கலை. இச்சொற்கலையைப் பல்கலைக்கழகங்களின் இலக்கியத் துறைகள் இன்று ஆராய்பொருளாகக் கொண்டுள்ளன. ஆயின் அவ்வாராய்ச்சி பெரும்பாலும் எழுதி வைத்த வரிகளோடு நின்றுவிடுகின்றது. அவ்வரிகளைத் தாங்கி நிற்கும் தாளக்கட்டினை அது நோக்குவதில்லை. பரிபாடற் பாக்களுக்குப் பண் வகுத்தோர் பெயர்களையும் ஏடுகள் காத்து வைத்திருத்தலை நம் மாணவர் நன்கறிவர். இசையை நீக்கிப் பாட்டை மட்டும் நோக்குதல் எத்துணைக் குறையுடைத்து என்பதை அவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்தாளப்படும் ஒலிப்பகுதியைச் சாம்பிள் என வழங்குவர். அதனை யாம் இக்கட்டுரையில் ஒலித்துண்டு என்போம். அத்துண்டோடு கிக், ஸ்னேர், ஹை-ஹாட் முதலிய தாள ஒலிகளைச் சேர்த்து, ராப் உரைப்பதற்கெனச் செய்யப்படும் இசைக்களமே பீட் என்னும் தாளக்கட்டு. எந்த ஒலி எப்பொழுது வரவேண்டும், எப்பொழுது விலகவேண்டும் என வகுப்பது அமைப்பு. ஒரே காலத்தில் ஒலிப்பவற்றை அளவும் இடமும் அறிந்து பொருத்துவது மிக்ஸிங் என்னும் கலவை. இவ்விரண்டனையும் திருத்துமாறு யாங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படும். கலவையின் குறை எனத் தோன்றுவனவற்றுட் பெரும்பகுதி உண்மையில் அமைப்பின் குறையே என்பதும், சேர்த்தலினும் நீக்கலே இங்குத் தலையாய திருத்தம் என்பதும் எம் கருத்து.

2. வரலாற்றுச் சுருக்கம்

1973-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள், பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் நிகழ்ந்த விருந்தொன்றில் கூல் ஹெர்க் என்பார் இசைத்தட்டுகளை இயக்கினார். பாட்டினிடையே பிற கருவிகள் ஓய்ந்து முழவு மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியிலேயே மக்கள் பெரிதும் ஆடுதலைக் கண்ட அவர், ஒரே தட்டின் இரு படிகளை அடுத்தடுத்து வைத்து அப்பகுதியை நீட்டித்துக் காட்டலாயினார். ஒலித்துண்டுக் கலையின் வித்து இதுவே. இதனுள் ஓர் உண்மை பொதிந்து கிடக்கின்றது. ஹெர்க் புதிதாக ஒன்றையும் சேர்த்திலர். பாட்டின் ஏனைப் பகுதிகளை விலக்கினார். ஆகவே இக்கலை பிறக்கும்பொழுதே நீக்கலாகப் பிறந்தது என்க.

கைகளால் செய்த இதனைப் பின்னர்க் கருவிகள் செய்தன. 1987-இல் வெளிவந்த ஈ-மியூ எஸ்.பி.-1200, 12 பிட் நுண்மையில் ஒலியைப் பதிவு செய்தது. அதன் நினைவில் அடங்கிய மொத்த ஒலி ஏறத்தாழ 10 விநாடியே. இடம் போதாமையின், நிமிடத்திற்கு 33 சுற்றுக்குரிய தட்டினை 45 சுற்றில் விரைந்து ஓடவிட்டுப் பதிந்து, பின்னர்க் கருவியினுள் தாழ்த்தி ஒலிக்கச் செய்தனர். இங்ஙனம் தாழ்த்தியவழித் துண்டின் மேலொலி மங்கி, ஒருவகைக் கரகரப்பு ஏறியது. பின்னாளில் சுவை எனப் போற்றப்பட்ட அக்கரகரப்பு, தொடக்கத்தில் இடநெருக்கடியின் விளைவே. 1988-இல் ரோஜர் லின் வகுத்த அகாய் எம்.பி.சி.-60 வந்தது, அதன் தாளநெகிழ்ச்சி பற்றிப் பின்னர்க் கூறுவாம். இன்று கணிப்பொறியில் இடத்திற்கு எல்லையில்லை. எல்லையில்லாமையே இன்றைய மாணவரின் முதல் இடர்ப்பாடு.

3. ஒலித்துண்டின் இயல்பு

ஒலித்துண்டு தனியொலி அன்று. 1960-களிலோ 1970-களிலோ பதிந்த ஒரு தட்டின் நான்கு விநாடியை எடுப்பின், அதனுள் பாஸ் கிட்டார், முழவு, பியானோ, நரம்பிசை, பாடகர் குரல், பதிவறையின் எதிரொலி ஆகிய யாவும் ஒருங்கே அடங்கியிருக்கும். அவை முன்னொரு பொறியாளரால் அளவறிந்து கலக்கப்பட்டவை. ஆகவே ஒலித்துண்டு என்பது ஏற்கெனவே முற்றுப்பெற்ற ஒரு கலவை. முற்றுப்பெற்ற ஒன்றன்மேல் மேலும் ஒரு கிக், மேலும் ஒரு பாஸ், மேலும் ஒரு பியானோ என ஏற்றிக்கொண்டே போதல், நிறைந்த குடத்தில் நீர் வார்த்தலை ஒக்கும்.

இவ்வியல்பினின்று மூன்று விளைவுகள் போதரும். முதலாவது, பழைய இசைக்குழுவினர் பலர் கடிகார ஒலியின் துணையின்றி வாசித்தமையால், அவர்தம் காலம் சிறிது விரைந்தும் சிறிது தளர்ந்தும் செல்லும். புதிய தாளமோ பொறியின் துல்லியத்தோடு செல்லும். இரண்டும் விரைவில் விலகும். இரண்டாவது, தட்டோட்டத்தின் வேக வேறுபாட்டால் துண்டின் சுருதி இரு சுரங்களுக்கு இடைப்பட்டு நிற்றல் உண்டு. அதனோடு சேரும் புதிய பாஸ் செம்மையான சுருதியில் இருப்பினும் செவிக்குப் பிழையாகவே படும். மூன்றாவது, 1960-களின் ஸ்டீரியோத் தட்டுகள் பலவற்றில் முழவு ஒரு பக்கத்தும் ஏனைக் கருவிகள் மறுபக்கத்தும் நிறுத்தப்பட்டன. இதனை அறிந்தார் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, வேண்டாதவற்றை எளிதின் நீக்குவர். அறியாதார் இரண்டனையும் எடுத்து, பின்னர்ப் பல கருவிகளால் அல்லலுறுவர்.

4. குற்றம் நான்கு

தொல்காப்பிய மரபியல் நூற்குற்றம் பத்தினைக் கூறும். அவற்றுள் நான்கு, தாளக்கட்டின் குறைகளை வகைப்படுத்துதற்கு வியத்தகு முறையில் பொருந்துகின்றன. நூலுக்கு வகுத்தவற்றை இசைக்குப் பொருத்துதல் வசதி கருதியதே. இரண்டும் ஒன்று என்பது எம் கருத்தன்று.

நிமிடத்திற்கு 90 எண்ணிக்கை விரைவுடைய ஒரு தாளக்கட்டினைக் கொள்வாம். நான்கு எண்ணிக்கை ஓர் ஆவர்த்தனம் எனின், ஓர் ஆவர்த்தனத்திற்கு ஏறத்தாழ 2.67 விநாடி செல்லும். மாணவர் இரண்டு ஆவர்த்தனத் துண்டு ஒன்றைச் சுழலவிட்டு, அதன்மேல் கிக், ஸ்னேர், ஹை-ஹாட், புதிய பாஸ் ஆகியவற்றை ஏற்றி, தொடக்கம் முதல் இறுதிவரை மாற்றமின்றி ஓடவிடுகின்றார் என்க. பாட்டு 56 ஆவர்த்தனம், அஃதாவது ஏறத்தாழ இரண்டரை நிமிடம், நிகழுமாயின் அத்துண்டு 28 முறை அவ்வாறே வரும்.

இதன்கண், ஒன்றே 28 முறை வேறுபாடின்றி வருதல் கூறியது கூறல். துண்டினுள் முன்னரே பியானோ இருப்பவும் மற்றொரு பியானோவைச் சேர்த்தல் மிகைபடக் கூறல். துண்டின் பாஸும் புதிய பாஸும் ஒரே தாழ்நிலையில் ஒன்றையொன்று மறைத்தல் மயங்கக் கூறல். இவற்றுக்கு அஞ்சித் துண்டினை எல்லாப் பக்கமும் அறுத்து, அதனைத் தெரிந்தெடுத்தற்குக் காரணமான அழகையும் போக்கிவிடுதல் குன்றக் கூறல். முதலிரண்டும் அமைப்பால் தீர்வன; மூன்றாவது அமைப்பாலும் கலவையாலும் தீர்வது; நான்காவது திருத்துவோன் தன்னையே காத்துக்கொள்ள வேண்டிய குற்றம்.

5. அமைப்புத் திருத்தம்

முற்கூறிய 56 ஆவர்த்தனத்தையும் முகப்பு 4, உரைப்பகுதி 16, பல்லவி 8, மீண்டும் உரைப்பகுதி 16, பல்லவி 8, முடிப்பு 4 எனப் பகுப்பாம். இனி, புதிதாக ஒன்றையும் சேர்க்காமல், உள்ளவற்றை விலக்குதலாலேயே ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தன்மை அளிக்க வேண்டும்.

முகப்பில் துண்டு தனித்து ஒலிக்கட்டும். கேட்போர் அதன் அழகை அறியும் இடம் இஃது. உரைப்பகுதி தொடங்கியவுடன் தாளமும் பாஸும் புகும். துண்டின் மேற்பகுதி விலகும். உரைப்போனின் குரல் எப்பகுதியில் ஒலிக்குமோ அப்பகுதியை அவனுக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். துண்டினுள் பாடகர் குரல் இருப்பின், அதனை உரைப்பகுதியில் வைத்தல் இருவர் ஒருங்கே பேசுதலை ஒக்கும். ஒன்பதாம் ஆவர்த்தனத்தில் ஹை-ஹாட்டின் நடை சிறிது மாறலாம். அல்லது துண்டின் ஒரு சிறு கீற்று மீண்டும் எட்டிப் பார்க்கலாம். பதினாறாம் ஆவர்த்தனத்தின் இறுதி இரண்டு எண்ணிக்கையில் கிக்கும் பாஸும் ஓயுமாயின், உரைப்பகுதியின் கடைச்சொல் வெளியில் தனித்து நிற்கும். ராப்பில் இயைபுத் தொடை பெரும்பாலும் அவ்விடத்தே முடிதலின், அவ்வோய்வு பொருளையும் தொடையையும் ஒருங்கே விளக்குகின்றது. பல்லவியில் துண்டு முழுமையாகத் திரும்பும். பதினாறு ஆவர்த்தனம் விலகியிருந்தமையால், அளவினைக் கூட்டாமலேயே அது பெரிதாகக் கேட்கும்.

இம்முறைக்குச் சிறந்த இலக்கியம் ஒன்று காட்டுவாம். பீட் ராக், சி.எல். ஸ்மூத் இருவரும் 1992-இல் வெளியிட்ட 'தே ரெமினிஸ் ஓவர் யூ' என்னும் பாட்டு, 1990-இல் மறைந்த டிராய் டிக்ஸன் என்னும் நண்பரை நினைந்து எழுந்தது. தலைப்பின் முதலெழுத்துக்களே அந்நண்பர் பெயராக அமைந்தன. நம் மரபு இதனைக் கையறுநிலை எனக் கூறும். அதன் முதன்மையான ஒலித்துண்டு, டாம் ஸ்காட் 1967-இல் பதிந்த 'டுடே' என்னும் இசையினின்று எடுத்த சாக்ஸபோன் பகுதி. உரைப்பகுதிகளில் பாஸும் முழவும் குரலைத் தாங்கி நிற்க, சாக்ஸபோனின் அழைப்பு பல்லவி வருமிடங்களில் எழுகின்றது. இடைவிடாது ஒலித்திருப்பின் அஃது ஓர் இனிய இசையாகவே நின்றிருக்கும். விட்டுவிட்டு வருதலால் நினைவு மீளுதல் என்னும் பொருளையே அது தாங்குவதாயிற்று. அமைப்பு இங்கே வெறும் ஒழுங்கன்று, பொருளின் ஒரு பகுதி.

6. தாளநெகிழ்ச்சி

கலவைக்குச் செல்லுமுன் காலம் செம்மையுற வேண்டும். ஓர் எண்ணிக்கையை நான்காகப் பகுத்தால் வரும் நுண்பகுதிகளுள் இரண்டாவதையும் நான்காவதையும் சிறிது பிந்தச் செய்வது ஸ்விங் எனப்படும் நெகிழ்ச்சி. எம்.பி.சி. கருவியில் இது விழுக்காட்டால் அளக்கப்படும். 50 விழுக்காடு எனின் நெகிழ்ச்சி இல்லை. 66 விழுக்காட்டில் நுண்பகுதிகள் ஏறத்தாழ மும்மையின் நடையைப் பெறும். 90 எண்ணிக்கை விரைவில் 58 விழுக்காடு நெகிழ்ச்சி என்பது, ஒலி தன் இடத்தினின்று ஏறத்தாழ 0.027 விநாடி பிந்துதலே. அளவிற் சிறிதாயினும் உடல் அதனை உணரும்.

மாணவர் தாளத்திற்கு ஒரு நெகிழ்ச்சியைத் தாமே தெரிந்துகொண்டு, துண்டின் நெகிழ்ச்சியை நோக்காது விடுதல் பெரும்பிழை. துண்டில் வாசித்த முழவிசைஞர்க்கு ஒரு நடை உண்டு. முதலில் அதனைச் செவியால் அளந்து, புதிய ஹை-ஹாட்டினை அதற்கு இயைவிக்க வேண்டும். அல்லது துண்டினை எண்ணிக்கைதோறும் அறுத்து, புதிய நடையில் அடுக்கவேண்டும். இவ்விரண்டும் செய்யாதவழி எழும் குழப்பத்தைக் கலவைக் கருவிகளால் தீர்க்க இயலாது.

7. கலவைத் திருத்தம்

இனிக் கலவை. இதற்கு ஒரு வரிசை உண்டு; அவ்வரிசை மாறின் உழைப்பு வீணாகும்.

முதற்கண் சுருதி. புதிய பாஸினைத் துண்டின் சுருதிக்கு நுணுக்கமாக ஏற்றியோ இறக்கியோ பொருத்துக. துண்டு மூலம்; பாஸ் அதற்கு எழுதும் உரை. உரை மூலத்தைத் தழுவிச் செல்லல் வேண்டும்.

இரண்டாவது ஒலியளவு. யாவற்றையும் ஓயச்செய்து, கிக், ஸ்னேர், குரல் ஆகிய மூன்றனையும் முதலில் நிறுத்துக. பின்னர்த் துண்டினை முற்றுங் குறைத்த நிலையினின்று சிறிது சிறிதாக உயர்த்துக. துண்டினை முதலில் நிறைய வைத்துவிட்டுப் பிறவற்றை அதன்மேல் ஏற்றுவோர், எல்லாவற்றையும் உயர்த்திக்கொண்டே சென்று இறுதியில் ஒலிச்சிதைவில் முடிவர்.

மூன்றாவது வடித்தல். கிக்கின் அடியொலி பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களில் நிற்கும். பாஸும் அப்பகுதியிலேயே இயங்கும். துண்டினுள் இருக்கும் பழைய கிக்கும் பாஸும் அங்கேயே மோதும். எனவே புதிய பாஸ் சேர்ப்பதாயின், துண்டின் தாழொலியை வடிகட்டி நீக்குக. எத்துணை நீக்குவது என்பதற்கு எண் விதி இல்லை. துண்டு மெலிந்து கேட்கத் தொடங்கும்வரை நீக்கி, அவ்விடத்தினின்று சிறிது பின்வாங்குக. அதற்கு மேலும் அறுப்பது குன்றக் கூறலாம். மறுவழியும் உண்டு. 1990-களின் தொடக்கத்து நியூயார்க் கலைஞர் பலர், துண்டின் மேலொலி அனைத்தையும் நீக்கி, எஞ்சிய தாழொலியையே பாஸாகக் கொண்டனர். அப்பொழுது சுருதிப் பூசல் எழுதற்கு இடமில்லை, பாஸ் துண்டினின்றே பிறந்தமையின்.

சொற்றெளிவிற்கு இன்றியமையாத மெய்யொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை விளங்கும். அப்பகுதியில் துண்டினை உரைப்பகுதி நிகழும்பொழுது மட்டும் இரண்டு மூன்று டெசிபல் தாழ்த்துதல் குரலை உயர்த்துதலினும் நன்று. குரலை உயர்த்தின் அது தாளத்தினின்று பிரிந்து, மேலே ஒட்டியது போல நிற்கும்.

நான்காவது அடக்கல். கம்ப்ரெசர் என்பது ஒலியின் உச்சங்களைத் தாழ்த்தும் கருவி. துண்டு முன்னரே பதிவறையிலும் தட்டு வெட்டுமிடத்தும் அடக்கப்பட்டிருத்தல் கூடும். மீண்டும் கடுமையாக அடக்கின் அதன் மூச்சு நின்றுவிடும். கிக் ஒலிக்கும் கணத்தில் மட்டும் பாஸினைச் சிறிது தாழச்செய்யும் முறை பயனுடையது. இருவரும் ஒரே வாயிலில் நுழையுங்கால் ஒருவர் ஒதுங்கி வழிவிடுதல் போல்வது அது.

ஐந்தாவது இடம். தாழொலிகளை நடுவண் வைத்து, துண்டின் மேலொலிகளை இரு பக்கமும் விரியவிடுக. பின்னர் இரு பக்கங்களையும் ஒன்றாக்கிக் கேட்டுப் பார்க்க. அங்ஙனம் ஒன்றாக்குங்கால் துண்டின் ஒரு பகுதி மறையுமாயின், இரு பக்கத்து அலைகளும் எதிரெதிர் நின்று ஒன்றையொன்று அழிக்கின்றன எனக் கொள்க.

ஒவ்வொரு திருத்தத்தின் முன்னும் பின்னும் மொத்த ஒலியளவை ஒப்பாக வைத்தே ஒப்பிடல் வேண்டும். உரத்து ஒலிப்பதையே நல்லதெனக் கொள்ளுதல் செவியின் இயல்பு ஆதலின், அளவு ஒவ்வாதவழிச் செய்யும் தீர்ப்புச் செல்லாது.

இவையனைத்தும் முடிந்தபின் செய்யத்தகும் சோதனை ஒன்றுண்டு. பாட்டின் வரிகளை முன்னர்க் கண்டிராத ஒருவர்க்கு, தாழ்ந்த ஒலியளவில் அதனைக் கேட்பித்து, கேட்ட சொற்களை எழுதச் சொல்லுக. எவ்விடத்துச் சொல் தவறுகின்றதோ, அவ்விடத்தே தாளக்கட்டில் எவை ஒருங்கே ஒலிக்கின்றன என நோக்குக. முதலில் அவற்றுள் ஒன்றை நீக்கிப் பார்க்க. நீக்கலாகாதெனின் மட்டுமே கருவிகளை நாடுக. ஏட்டில் பாடம் சிதைந்த இடத்தைக் கண்டறியும் பயிற்சியுடைய தமிழ் மாணவர்க்கு இச்சோதனை புதிதன்று.

8. தடையும் விடையும்

நீக்கலே தலையாயதெனின், பப்ளிக் எனிமி குழுவினர் 1988-இலும் அதன் பின்னும் வெளியிட்ட பாட்டுக்களில் பல துண்டுகள் அடர்ந்து மோதுகின்றனவே, அவை குற்றமுடையனவோ எனின், அன்று. அக்குழுவிற்கு இசையமைத்த பாம் ஸ்குவாட் என்பார் ஆண்ட துண்டுகள் பல மிகச் சிறியன. நகரத்தின் இரைச்சலையும் சினத்தையும் காட்டுதலே அவர் கருத்து. அவ்விரைச்சலைப் பிளந்து செல்லும் கனத்த குரல் சக் டி என்பாருக்கு வாய்த்திருந்தது. கருதிச் செய்த அடர்த்தி வேறு, கருதாது நேர்ந்த நெரிசல் வேறு.

தட்டின் கரகரப்பும் தூசியொலியும் நீக்கத்தக்கனவோ எனின், அவை துண்டின் காலத்தையும் பிறப்பிடத்தையும் காட்டுவன ஆதலின் பெரும்பாலும் காக்கத்தக்கன. சொல்லை மறைக்குமிடத்து மட்டும் தாழ்த்துக.

9. எடுத்தாள்வோர் கடன்

ஒலித்துண்டின் உரிமை பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். கில்பர்ட் ஓசல்லிவன் பாட்டொன்றின் பகுதியைப் பிஸ் மார்க்கி இசைவின்றி எடுத்தாண்ட வழக்கில், 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொரு துண்டிற்கும் முன்னிசைவும் பொருளும் வேண்டியதாயிற்று. ஒரு பாட்டில் பல துண்டுகளை அடுக்கும் முறை அருகி, ஒன்றிரண்டு துண்டுகளையே நுணுகி ஆளும் முறை ஓங்குதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் காத்தது பெரும்பாலும் உரிமையாளரையே, வாசித்தவரை அன்று. தி வின்ஸ்டன்ஸ் குழுவினர் 1969-இல் வெளியிட்ட 'ஆமென், பிரதர்' என்னும் பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த ஏறத்தாழ ஆறு விநாடி முழவு, உலகில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட துண்டுகளுள் ஒன்று. அதன் பயனாக அவருக்கு உரிமைப்பொருள் எதுவும் கிட்டவில்லை. 2006-இல் அவர் மறைந்தார். வழிநூல் செய்வோன் முதனூல் செய்தான் பெயரை மறைத்தலாகாது என்பது நம் புலமை மரபின் உட்கோள். தாளக்கட்டுச் செய்வோனும், அதனை ஆராய்வோனும், துண்டின் மூலத்தையும் அதில் வாசித்தார் பெயரையும் குறித்து வைத்தல் கடனாம்.

10. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், ஒலித்துண்டு முன்னரே முற்றுப்பெற்ற கலவை என்பதும், ஆகவே அதன்மேல் ஏற்றுதலினும் அதனின்று விலக்குதலே முதற்கண் செய்யத்தகுவது என்பதும், காலமும் சுருதியும் அமைப்பும் செம்மையுற்ற பின்னரே கலவைக் கருவிகள் பயன்படும் என்பதும், இவையனைத்தும் சொல் கேட்கப்படுதல் என்னும் ஒரு பயனை நோக்கியன என்பதும் பெறப்படும். ராப் பாட்டின் வரிகளை இலக்கியமாக ஆராயும் மாணவர், ஒரு சொல் எங்கே ஓய்வில் தனித்து நிற்கின்றது, எங்கே ஒலித்துண்டால் மறைக்கப்படுகின்றது என்பனவற்றையும் குறித்துச் செல்வாராயின், அச்செதுக்கல் வரிகளின் பொருளில் எத்துணைப் பங்கு கொள்கின்றது என்பது அவர்க்கே புலனாகும். அவ்வாராய்ச்சிக்கு இக்கட்டுரை ஒரு தொடக்கமாக அமையின் யாம் மகிழ்வோம்.